பேர் இல்லாத அட்டை

மருந்துக் கடை வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். நீங்கள் இதற்கென்றே படித்து வந்தவர்கள். மருந்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. கத்தரிக்கோலைப் பற்றிச் சொல்கிறேன்.

அருப்புக்கோட்டையில் ஒரே கடையில் முப்பத்தாறு வருஷம் கவுண்டரில் நின்றேன். போன வருஷம் முழங்கால் ஒத்துழைக்கவில்லை. விட்டுவிட்டேன்.

நம் பக்கத்து ஆட்கள் முழு அட்டை வாங்க மாட்டார்கள். காட்டு வேலை, தறி வேலை. இன்றைக்கு இரண்டு, தேவைப்பட்டால் நாளைக்கு இரண்டு. அதனால் ஒவ்வொரு கடையிலும் ஒரு கத்தரிக்கோல் உண்டு. வெட்டின மிச்சத்தைப் போட ஒரு பிளாஸ்டிக் டப்பாவும் உண்டு. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே கற்றுக்கொண்டது, பேரும் தேதியும் அச்சடித்த முனையை வெட்டாதே என்பது. அந்த முனை கடையிலேயே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மிச்சம் என்ன மாத்திரை என்று நமக்கே தெரியாமல் போகும். மற்ற முனையில் வெட்டிக் கொடு.

கடைக்கு அது நல்ல வழக்கம்தான். வாங்கிப் போகிறவர் கையில் என்ன போகிறது என்று நான் யோசித்ததில்லை. மொட்டை வெள்ளிக் காகிதத்தில் நாலு மாத்திரை. அவ்வளவுதான்.

எம்.ரெட்டியபட்டியிலிருந்து ஒருவர் வருவார். பருத்திக்காரர்.

"போன தடவ குடுத்தியேப்பா, வெள்ள மாத்திர. அது நாலு குடு."

"எல்லாமே வெள்ளதான்யா."

"சின்ன வெள்ள. கசக்கும்."

"எல்லாமே கசக்கும்யா."

"ஏப்பா, மாத்திர கேட்டா வழக்கு பேசுறயே. பஸ்ஸு நிக்கிது."

நான் சின்னதாக, வெள்ளையாக, கசப்பாக ஒன்றைக் கொடுத்தேன். அடுத்த மாதம் அவர் மறுபடி வந்தார். அப்படியென்றால் சரியாகத்தான் கொடுத்திருப்பேன் என்று வைத்துக்கொண்டேன். நம் தொழிலில் இப்படி வைத்துக்கொள்வது நிறைய நடக்கும். ஆள் திரும்பி வந்தால் மருந்து சரி. வராவிட்டால் நமக்குத் தெரியாது.

இனி பவித்ராவின் கதை.

பாளையம்பட்டியில் தறி ஓட்டும் குடும்பம். வீட்டில் கன்னடம் பேசுவார்கள். தாய் பேர் ஈஸ்வரி. அப்போது பவித்ராவுக்கு ஆறு வயது. ஒரே பிள்ளை. மூக்கு ஒழுகியபடி தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். காதில் பஞ்சு இருக்கும். மாதம் ஒரு முறையாவது கடைக்கு வந்துவிடுவார்கள்.

"சளிண்ணே. போன தடவ குடுத்த அதே சிரப்பு."

கொடுப்பேன். ஐந்து நாளில் சரியாகும். அடுத்த மாதம் காதில் சீழ். அதற்கடுத்து நெஞ்சுச் சளி. பிறகு தொடையில் கட்டி. ஈஸ்வரி ஒவ்வொரு தடவையும் புதிதாகக் காய்ச்சல் கண்டவள் மாதிரிதான் கேட்பாள். நானும் புதிதாகக் கொடுப்பது மாதிரிதான் கொடுப்பேன்.

ஒரு நாள் விளையாட்டாகக் கேட்டேன்.

"ஏம்மா, இம்புட்டு சிரப்பு வாங்குறயே, காலிப் பாட்டில என்ன செய்ற?"

"மூடியில ஆணிய வச்சு ஓட்ட போட்டம்னா தறிக்கு எண்ணெ விட நல்லாருக்கும்ணே. அவுகளுக்கு எத்தன இருந்தாலும் பத்தாது."

சிரித்தோம். எங்கள் கடைச் சிரப்பு அவர்கள் தறிக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தது. அந்தப் பிள்ளைக்கு மட்டும் ஏன் இத்தனை பாட்டில் போகிறது என்று எனக்குத் தோன்றவில்லை. தினமும் அதைப் பார்க்கிறவனுக்குத்தான் அது தெரியாது போலிருக்கிறது.

கடைக்கு முதலாளி ஒரு பெண். அவருடைய அப்பா தொடங்கிய கடை. அப்பா காலமான பிறகு மகள் மருந்தாளுநர் படிப்புப் படித்து வந்து எடுத்துக்கொண்டார். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். என்னை அண்ணே என்பார். நான் தாயி என்பேன். வாய் கொஞ்சம் நீளம். நான் யாருக்காவது மருந்து யோசனை சொன்னால் உள்ளேயிருந்து சத்தம் வரும்.

"ஏண்ணே, எட்டாப்புல டாக்டருக்கும் சேத்தே பாடம் நடத்துனாகளா?"

அவர் இருக்கும்போது வாயை மூடிக்கொள்வேன். சாப்பிடப் போகும்போது கவுண்டர் என்னுடையது.

அப்படி ஒரு மத்தியானம்தான் ஈஸ்வரி வந்தாள். பவித்ராவுக்கு மறுபடி கட்டி. இந்தத் தடவை முதுகில் இரண்டு. சிரப்பைக் குடித்தால் வாந்தி எடுக்கிறாளாம். மாத்திரை இருந்தால் பொடி பண்ணித் தேனில் குழைத்துக் கொடுத்துவிடுவாளாம். டப்பாவில் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் மாத்திரை கிடந்தது. வெட்டிக் கொடுத்தேன். மருந்துச் சீட்டு கேட்கவில்லை. ஐந்து நாள் கழித்து வந்தாள். கட்டி அமுங்குகிறது, இன்னும் கொஞ்சம் வேண்டும் என்றாள். மறுபடி வெட்டிக் கொடுத்தேன்.

அப்புறம் ஒரு வாரம் அவள் வரவில்லை. சரியாகிவிட்டது என்று வைத்துக்கொண்டேன்.

எட்டாம் நாள் காலையில் ஈஸ்வரி வந்தாள். படியேறவில்லை. தெருவிலேயே தள்ளி நின்றாள். இடுப்பில் ஒரு கொத்து வேப்பிலை செருகியிருந்தாள்.

"அம்மா வந்துருக்காண்ணே" என்றாள்.

நம் ஊரில் இவ்வளவு சொன்னால் போதும். அம்மை கண்ட வீட்டுக்காரர்கள் அடுத்தவர் படி ஏற மாட்டார்கள். நாமும் காய்ச்சல் என்று சொல்ல மாட்டோம். எங்கே, எப்படி, எத்தனை நாள் என்று கேட்க மாட்டோம். கேட்டால் அம்மனைக் கேள்வி கேட்ட மாதிரி. மாத்திரை கொடுக்கவும் மாட்டோம். நானும் கேட்கவில்லை.

"வாயெல்லாம் புண்ணாருக்குண்ணே. எச்சி முழுங்க மாட்டேங்கிறா. வாய்க்கு மட்டும் தடவ எதுனா இருந்தாக் குடுங்க."

வாய்ப்புண் மருந்து ஒன்றை எடுத்து, படியிறங்கி, அவள் விரித்த முந்தானையில் போட்டேன். அவள் திரும்பினாள்.

உள்ளே கணினியில் எதையோ பார்த்துக்கொண்டிருந்த முதலாளி எழுந்து வாசலுக்கு வந்தார்.

"ஏம்மா, நில்லு. கண்ணு எப்படி இருக்கு பிள்ளைக்கு?"

"செவந்து கெடக்குக்கா. காலைல ஒட்டிக்கிட்டுத் தெறக்க முடியல."

"உதடு?"

"தோலு உரியிது."

"மேலுல கொப்புளமா, செவப்பா?"

"மொத செவப்பா வந்துச்சு. இப்ப கொப்புளம். தொட்டா வலிக்கிதுங்குறா. நேத்து சட்டையக் கழட்டுனப்ப தோலும் சேந்து வந்துருச்சுக்கா." அதைச் சொல்லும்போதுதான் அவள் குரல் உடைந்தது.

முதலாளி கேட்ட அடுத்த கேள்வியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"இதுக்கு முன்னாடி ரெண்டு வாரத்துல பிள்ளைக்கு என்ன மாத்திர குடுத்த?"

ஈஸ்வரி திரும்பினாள். என்னைப் பார்த்தாள். குற்றமாகப் பார்க்கவில்லை. எனக்குத் தெரியும் என்று நினைத்துப் பார்த்தாள். அதுதான் தாங்கவில்லை.

முதலாளியும் என்னைப் பார்த்தார். அவளிடம் திரும்பினார்.

"இது அம்மை மாதிரி தெரியல. மாத்திர ஒத்துக்காமயும் இப்படி வரும். தீக்காயம் மாதிரி தோலு போயிரும், கண்ணையும் பாதிக்கும். இப்பவே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போ."

"அவுக விட மாட்டாகக்கா. அம்மா வீட்டுல இருக்கையில பிள்ளையப் படி தாண்டக் கொண்டுபோகக் கூடாதும்பாக."

"அம்மாவக் கும்புட்டுட்டே தூக்கு. பிள்ளையக் காப்பாத்துறத அவ வேணாம்னா சொல்லுவா? எவன் தடுத்தாலும் நான் சொன்னேன்னு சொல்லு."

ஈஸ்வரி ஓடினாள். ஷேர் ஆட்டோவை நிறுத்தி ஏறினதைப் பார்த்தேன். பிறகு கேள்விப்பட்டது: வீட்டுக்காரர் தறியை நிறுத்திவிட்டு வந்து வாசலை மறித்தாராம். இவள் ஒரு வார்த்தை பேசவில்லையாம். பிள்ளை மேலிருந்த துணியை விலக்கிக் காட்டினாளாம். அவரே பிள்ளையைத் தூக்கிக்கொண்டாராம். உள்ளூர் ஆஸ்பத்திரியில் பார்த்த உடனே ஆம்புலன்சில் மதுரைக்கு அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் காலையில் கடைக்குப் போன் வந்தது. ஈஸ்வரியின் வீட்டுக்காரர்.

"அண்ணே, டாக்டரு கேக்குறாரு. என்ன மாத்திர குடுத்தீக? வெறும் வெள்ளித்தாளுதான் எங்கிட்ட இருக்கு. ஒண்ணுமே எழுதல. பேரச் சொல்லுங்க, உடனே சொல்லணுமாம்."

ஒரு பேர் என் நாக்கு நுனிக்கு வந்தது. அந்தப் பிள்ளைக்கு வழக்கமாகப் போகும் சிரப்பு இருக்கிறதே, அதே மருந்தின் மாத்திரை. இத்தனை வருஷமாக அதைத்தான் கொடுக்கிறேன், அன்றைக்கும் அதுவாகத்தான் இருக்கும். சொல்லிவிட வாயைத் திறந்தேன்.

திறந்த வாய் நின்றுவிட்டது. அந்த டப்பாவில் அதே அளவில், அதே வெள்ளையில் இன்னொன்றும் கிடந்தது. சல்ஃபா மாத்திரை. அதுவும் கட்டிக்குக் கொடுப்பதுதான். நான் எதை எடுத்தேன்? கை எடுத்தது, கத்தரி வெட்டியது. நான் பார்க்கவில்லை.

"தெரியலப்பா" என்றேன்.

"நீங்கதானண்ணே குடுத்தீக" என்றார் அந்த மனிதர். கோபம் இல்லை. அழுகிற குரல்.

"நாந்தாம்ப்பா. ஆனா ரெண்டுல ஒண்ணு. எதுன்னு தெரியல. இப்பவே வாரேன். அந்த வெள்ளித்தாளத் தூக்கிப் போட்றாதீக."

பிள்ளைகளே, இங்கே ஒரு நிமிஷம் நில்லுங்கள். கவுண்டரில் நிற்கிற நமக்குத் தெரியலை என்று சொல்ல வராது. கேட்டவுடன் ஏதாவது ஒரு பேர் சொல்லத்தான் நாக்கு பழகியிருக்கிறது. நான் அன்றைக்குச் சொல்ல இருந்த பேர் தப்பு. அதைச் சொல்லியிருந்தால் டாக்டர் அதை நம்பியிருப்பார். அந்த மருந்தை ஒதுக்கிவிட்டு, பிள்ளையின் தோலை உரித்த மருந்தை நல்ல மருந்து என்று வைத்திருப்பார். அது இன்னொரு தரம் அந்த உடம்புக்குள் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிறகு எனக்குச் சொன்னார்கள். எழுதக் கை வரவில்லை.

முதலாளியிடம் நடந்ததைச் சொன்னேன். மருந்துச் சீட்டு இல்லாமல் கொடுத்தது, எதைக் கொடுத்தேன் என்று தெரியாதது, எல்லாம். அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கடை அவருடையது. லைசென்ஸ் அவர் பேரில். இதைக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சொன்னால் எங்கே போய் நிற்கும் என்று எனக்கே தெரிந்தது.

"அண்ணே" என்றார் கடைசியில். "எந்தக் கடைன்னு கேப்பாக."

"ஆமா தாயி."

"கேட்டா மறைக்காமச் சொல்லுங்க."

எழுந்துபோய் அந்த டப்பாவை எடுத்தார். மூடியை ஒரு ரப்பர் பேண்டு போட்டு இறுக்கினார். அதை ஒரு மஞ்சள் பைக்குள் வைத்து என் கையில் கொடுத்தார்.

"ஒண்ணையும் எடுக்காம, சேக்காம, இருக்குற மாதிரியே கொண்டுபோங்க. வெட்டுன எடம் வெட்டுன எடத்தோட ஒட்டும்ல, அத வச்சுக் கண்டுபிடிங்க. உங்க வெட்டு கோணல் வெட்டு. தப்பவே தப்பாது."

எனக்கு இடது கை. கத்தரி எப்போதும் சாய்ந்துதான் போகும். அதற்காக அந்த வாயிடம் எத்தனையோ தடவை திட்டு வாங்கியிருக்கிறேன்.

மதுரை பஸ் ஏறினேன். காரியாபட்டி வரை நின்றுகொண்டே போனேன். அப்புறம் உட்கார இடம் கிடைத்தும் பையை மடியில் வைக்காமல் கையிலேயே பிடித்திருந்தேன். டப்பா குலுங்கினால் மாத்திரை அட்டைகள் கலகலவென்று சத்தம் போடும். பக்கத்தில் இருந்த அம்மா, "பிள்ளைக்கு வெளையாட்டுச் சாமானாய்யா?" என்று கேட்டது. ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல.

பெரிய ஆஸ்பத்திரியில் பிள்ளைகள் வார்டுக்கு வெளியே ஈஸ்வரியின் வீட்டுக்காரர் நின்றார். கும்பிட்டார். எனக்கு ஏன் கும்பிடுகிறார் என்று உடம்பு கூசியது. செருப்பைக் கழற்ற வைத்து, கை கழுவ வைத்து, வாயைத் துணியால் மூட வைத்து உள்ளே விட்டார்கள்.

வீட்டில் வேப்பிலையில் கிடந்த பிள்ளை இங்கே வாழையிலையில் கிடந்தாள். துணி ஒட்டிக்கொள்ளும் என்று இலையை விரித்திருந்தார்கள். முகம் வீங்கி, உதடு கறுத்து, முதுகும் நெஞ்சும் தோல் இல்லாமல் சிவப்பாக இருந்தன. கண்ணில் ஏதோ சொட்டு விட்டு மூடி வைத்திருந்தார்கள். அழவில்லை. அழ முடிந்தால் அழுதிருப்பாள். அதற்குமேல் நான் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்று சொல்வது பொய். பார்த்தேன். இன்றைக்கும் பார்க்கிறேன்.

டாக்டர் இளவயதுக்காரர். கண்ணில் தூக்கம் இல்லாதது தெரிந்தது. ஒரு மேசையைக் காட்டினார். டப்பாவைக் கவிழ்த்தேன். ஈஸ்வரி இடுப்பு முடிச்சை அவிழ்த்து இரண்டு வெள்ளித்தாள்களை எடுத்து வைத்தாள். மாத்திரை எல்லாம் பிதுக்கி எடுத்த காலித்தாள். தூக்கிப் போடாமல் ஏன் வைத்திருந்தாள் என்று பிறகு கேட்டேன். "எதையும் வீசுற பழக்கம் இல்லண்ணே" என்றாள். தறிக்காரர் வீட்டில் அறுந்த நூலைக்கூட வீச மாட்டார்கள். அந்தப் பழக்கத்துக்கு என் வாழ்நாள் முழுக்க நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

நான் சொல்ல இருந்த மாத்திரையின் மிச்சத்தை முதலில் எடுத்து ஒட்டிப் பார்த்தேன். ஒட்டவில்லை. சாய்வு வேறு. இன்னொரு துண்டு. ஒட்டவில்லை. சல்ஃபாவை எடுத்தேன். என் கோணல் வெட்டு அவள் தாளின் கோணல் வெட்டில் பல்லோடு பல்லாகப் பொருந்தியது. மிச்சத்தோடு ஒட்டியது அவள் முதல் தடவை வாங்கிய தாள் என்று நினைத்தேன். அப்படி இல்லை. மிச்சத்தோடு ஒட்டியது இரண்டாவது தடவை வாங்கிய தாள். இரண்டாவது தாளின் மறு ஓரத்தோடு ஒட்டியது முதல் தாள். மூன்றையும் வரிசையாக வைத்தபோது ஒரே அட்டை ஆனது. கடைசித் துண்டில் பேர் இருந்தது. அது கடையில் பத்திரமாக இருந்த துண்டு.

டாக்டர் குனிந்து பேரைப் படித்தார்.

"மொத மாத்திர எப்ப?"

நாள் சொன்னேன்.

"யாரு எழுதிக் குடுத்தது?"

"யாரும் எழுதல சார். நாந்தான் குடுத்தேன்."

நிமிர்ந்து பார்த்தார். இப்போது வரும் என்று நின்றேன். அவர் திட்டவில்லை. பேனாவை எடுத்து, கேஸ் ஷீட்டின் மேலே சிவப்பில் அந்தப் பேரை எழுதிக் கட்டம் போட்டார். நர்சைக் கூப்பிட்டு ஏதோ ஊசி மருந்தைக் கொடுக்கலாம் என்றார். எந்த மாத்திரை இதைச் செய்தது என்று தெரியாமல், அதைக் கொடுக்கலாமா கூடாதா என்று இவ்வளவு நேரம் நிறுத்தி வைத்திருந்தார்களாம்.

பிறகு ஈஸ்வரியிடம் கேட்டார்.

"பிள்ளைக்கு இதுக்கு முன்னாடி அடிக்கடி ஒடம்பு சரியில்லாமப் போகுமா?"

"இல்ல சார். சளிதான். எல்லாப் பிள்ளைக்கும் வர்றதுதான்."

அவள் பொய் சொல்லவில்லை. அவள் அப்படித்தான் நினைத்திருந்தாள். நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். ஏற்கெனவே சொன்னதே போதும் என்றுதான் மனது சொன்னது.

"சளி மட்டும் இல்ல சார்" என்றேன். "மாசந் தவறாம வருவாக. காதுல சீழு. நெஞ்சுச் சளி. கட்டி. ஒண்ணு போனா இன்னொண்ணு. எல்லாத்துக்கும் நாந்தான் குடுத்தேன்."

"எவ்வளவு நாளா?"

"பிள்ள நடக்க ஆரம்பிச்சதுலருந்து."

ஈஸ்வரி என்னை வெறித்துப் பார்த்தாள். பிறகு, அவளாகவே மெதுவாகச் சொன்னாள்.

"வீட்டுல பாட்டில் கெடக்கு சார். எண்ணெ ஊத்த வச்சுருக்கம். கொண்டாரச் சொல்லவா?"

அன்று சாயங்காலமே அவள் வீட்டுக்காரர் போய் ஒரு சாக்குப் பையில் கொண்டுவந்தார். எண்ணெய் பட்டது பாதி, படாதது பாதி. டாக்டர் அவற்றை ஜன்னல் மேடையில் வரிசையாக வைத்தார். மேடை நிறைந்து தரைக்கும் வந்தது. எல்லாம் எங்கள் கடைப் பாட்டில். ஒவ்வொன்றாக விற்றபோது ஒரு பாட்டில். சேர்த்து வைத்தபோது அது ஒரு பிள்ளையின் நோய்.

"இது சளி இல்லைங்க" என்றார் டாக்டர். "ஒடம்புல எதிர்ப்புச் சக்தியே கம்மியா இருக்கலாம். தோலு ஆறட்டும். ரத்தத்தச் சோதிச்சுப் பாப்போம்."

அந்தக் குறைதான் இப்படித் தோல் உரிய வைத்ததா என்று கேட்டேன். அப்படி நேராகச் சொல்ல முடியாது என்றார். எதிர்ப்புச் சக்தி குறைந்த பிள்ளைக்கு நோய் அதிகம் வரும், அதனால் மருந்து அதிகம் போகும், மருந்து அதிகம் போகப் போக அதில் ஒன்று திரும்பிக் கடிக்கிற வாய்ப்பும் அதிகம் என்றார். எனக்குப் புரிகிற மாதிரி பொறுமையாகச் சொன்னார். நான் போகும்போது, "டப்பாவோட வந்ததுக்கு நன்றிங்க" என்றார்.

பிள்ளை பிழைத்தாள். ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆஸ்பத்திரியில் கிடந்தாள். தோல் மறுபடி வந்தது. அங்கங்கே திட்டுத் திட்டாக நிறம் மாறி வந்தது, ஆனால் வந்தது. கண் பார்வை தப்பியது. வெயிலில் மட்டும் கூசும். ரத்தச் சோதனையில் டாக்டர் சந்தேகப்பட்டது சரியாக இருந்தது. நோயை எதிர்க்க ரத்தத்தில் இருக்க வேண்டிய ஏதோ ஒன்று அவளுக்குப் பிறவியிலேயே குறைவு. மாதம் ஒரு முறை மதுரைக்குப் போய் நரம்பு வழியாக அதை ஏற்றிக்கொண்டு வருகிறாள். அதற்குப் பிறகு மாதம் தவறாமல் எங்கள் கடைக்கு வருவது நின்றது. வாடிக்கை குறைந்ததற்கு நான் சந்தோஷப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

கடையில் முதலாளி ஒரு வார்த்தை அதிகம் பேசவில்லை. மருந்துச் சீட்டு இல்லாமல் அந்த வகை மாத்திரை வெளியே போகக் கூடாது என்றார். அடுத்தது, இனிமேல் வெட்டுகிற ஒவ்வொரு துண்டுக்கும் பேர் போக வேண்டும் என்றார். எப்படி என்று நான்தான் யோசித்தேன். சின்ன காக்கிக் கவரில் போட்டு, மேலே மாத்திரையின் பேரைத் தமிழில் எழுதிக் கொடுக்க ஆரம்பித்தேன். எட்டாம் வகுப்புக் கையெழுத்து. ஒரு பேர் எழுத ஒரு நிமிஷம் ஆகும். கூட்ட நேரத்தில் சண்டை வரும்.

"என்னண்ணே, மாத்திர கேட்டா கல்யாணப் பத்திரிக எழுதிக்கிட்டு இருக்கீக?"

"ஆமாய்யா. மாப்பிள்ள பேரு தெரியாம பொண்ணக் குடுக்கலாமா?"

எம்.ரெட்டியபட்டிக்காரர் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த தடவை வரும்போது அதே கவரை மடித்துச் சட்டைப் பையில் கொண்டுவந்தார். "இதப் படிச்சுக் குடு" என்றார். சின்ன வெள்ளை, கசப்பு எல்லாம் அன்றோடு போனது.

ஈஸ்வரி எப்போது திரும்பி வருவாள் என்று காத்திருந்தேன். வந்து நாலு பேர் முன்னால் கேட்கட்டும், வாங்கிக்கொள்வோம் என்று மனதைத் தயார் செய்து வைத்திருந்தேன். மூன்று மாதம் கழித்து வந்தாள். பவித்ராவைக் கையில் பிடித்திருந்தாள். தலையில் தொப்பி. படியேறி வந்தாள்.

"அண்ணே, ஒரு ஒதவி" என்றாள்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த ஒரு தாளை எடுத்து வைத்தாள். இந்தப் பிள்ளைக்குச் சல்ஃபா மருந்து எந்த வடிவத்திலும் கொடுக்கக் கூடாது, எதிர்ப்புச் சக்தி குறைவு, எந்த மருந்துக்கு முன்னும் டாக்டரைக் கேட்கவும் என்று ஆங்கிலத்தில் இருந்தது.

"இத எங்களுக்குப் படிக்கத் தெரியல. பள்ளிக்கூடத்துல டீச்சருக்கும், திருச்சுழில எங்க சொந்தக்காரக வீட்டுக்கும் தெரியணும். கவர்ல எழுதுறீகளே, அந்த மாதிரி தமிழ்ல எழுதிக் குடுங்க. உங்க எழுத்து புரியும்."

முதலாளி பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல எழுதினேன். முதல் கார்டில் தப்பு வந்தது. இரண்டாவதில் மை இழுகியது. மூன்றாவது சரியாக வந்தது. லேமினேஷன் போட்டு, ஓட்டை போட்டு, கயிறு கோத்துக் கொடுத்தோம். பவித்ரா கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

ஈஸ்வரி என்னைக் கடைசி வரை ஒன்றும் கேட்கவில்லை. நானாகத்தான் ஒரு நாள், "என்ன மன்னிச்சிரும்மா" என்றேன்.

"நீங்க அன்னைக்கு வராம இருந்திருக்கலாம்ணே" என்றாள். "வந்தீகள்ல."

எனக்கு அது போதுமானது. அவளிடமிருந்து அதற்கு மேல் எதிர்பார்க்க எனக்கு உரிமையும் இல்லை.

பவித்ராவுக்கு இப்போது பதினொரு வயது. நான் கவுண்டரில் இருந்த வரை, ஷாம்பு பாக்கெட் வாங்க வந்தாலும் முதலில் கார்டை நீட்டிவிட்டுத்தான் கேட்பாள். "ஷாம்புக்கு எதுக்கு தாயி?" என்றால், "படிங்க மாமா" என்பாள். படிப்பேன். நான் எழுதியதை நானே படிப்பேன். படித்து முடித்த பிறகுதான் காசைக் கொடுப்பாள்.

நான் வேலையை விட்ட அன்றும் வந்தாள். கவுண்டரில் எனக்குப் பதிலாக உங்களை மாதிரிப் புதிதாக வந்த பெண் நின்றாள். பவித்ரா என்னிடம் கார்டை நீட்டினாள். நான் படித்தேன். காசைக் கொடுப்பாள் என்று பார்த்தால், கயிறோடு கழற்றி அந்தப் பெண்ணிடம் நீட்டினாள்.

"அக்கா, நீங்களும் படிங்க."

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே வாங்கினாள். இரண்டாவது வரியில் சிரிப்பு நின்றது. கடைசி வரை படித்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு, அவளாகவே, கார்டில் இருந்த மருந்தின் பேரைச் சத்தமாக ஒரு முறை சொல்லிப் பார்த்தாள்.

"சரிதான்" என்றாள் பவித்ரா. கார்டை வாங்கி மாட்டிக்கொண்டு, காசைக் கொடுத்துவிட்டு ஷாம்போடு போனாள்.

நான் கத்தரிக்கோலை அந்தப் பெண் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுப் படியிறங்கினேன்.